படவேட்டுக்கு வருகிறவர் எங்கே ரூம் போடுவது?



ஆனி மாதம் பிறந்தால் போதும், படவேட்டுக்காரர் வீட்டுக்கு வெளியூரிலிருந்து போன் வரத் தொடங்கிவிடும். சென்னையில் இருக்கும் சித்தப்பா மகன் பேசுவார். "அண்ணே, ஆடி வெள்ளிக்கு அம்மனைப் பார்க்க வர்றோம். எங்க ரூம் போடலாம்? நல்ல லாட்ஜா ஒண்ணு சொல்லுங்க." கேட்பவருக்கு அது ஒரு நிமிடப் பேச்சு. பதில் சொல்பவர் பாடுதான் திண்டாட்டம். வேலூர் என்றால் "அவ்வளவு தூரமா?" என்பார்கள். போளூர் என்றால் "அங்க நல்லா இருக்குமா?" என்பார்கள். கடைசியில் ஏதோ ஒரு பெயரைச் சொல்லிவைக்க, வந்தவர் ராத்திரி முழுக்கக் கொசுக்கடியில் விழித்திருந்து, அடுத்த கல்யாணத்தில் பார்க்கும்போது நாலு பேர் முன்னால் அதைச் சொல்லிக்காட்டுவார்.

தப்பு லாட்ஜின் மேல் மட்டும் இல்லை. நல்ல லாட்ஜ் எது என்று கேட்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. மறுநாள் காலையில் முதல் வேலை என்ன, அது எத்தனை மணிக்கு? இதற்குப் பதில் தெரிந்தால் எந்த ஊர் என்பது தெரிந்துவிடும். ஊர் தெரிந்தால் தெரு தெரியும். தெருவும் முடிவானபின் பார்க்க வேண்டிய லாட்ஜுகள் இரண்டோ மூன்றோதான் மிஞ்சும். பெரும்பாலோர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். போனில் அறையின் படத்தைப் பார்த்து, பணத்தைக் கட்டிவிட்டு, அதன்பிறகே அது எங்கே இருக்கிறது என்று தேடுகிறார்கள்.

படவேட்டின் நிலைமை கொஞ்சம் விசித்திரமானது. ஒரு காலத்தில் இது தலைநகரம். சம்புவராயர்கள் இங்கிருந்து தொண்டை மண்டலத்தின் பெரும்பகுதியை ஆண்டார்கள். 14-ஆம் நூற்றாண்டின் நடுவில் விஜயநகர இளவரசர் குமார கம்பணன் படையோடு வந்து ராஜகம்பீரன் மலைக் கோட்டையைப் பிடித்தார். அந்தப் படையெடுப்பை அவர் மனைவி கங்காதேவி சமஸ்கிருதக் காவியமாகவே பாடிவைத்தார். 1989-இல் வட ஆற்காடு மாவட்டத்தைப் பிரித்தபோது புது மாவட்டத்துக்குத் திருவண்ணாமலை சம்புவராயர் மாவட்டம் என்றே பெயர் வைத்தார்கள். அரச விருந்தாளிகள் தங்கிய அந்த ஊரில் இன்று லாட்ஜ் வரிசை என்று ஒன்று கிடையாது. வாழைத் தோப்பும் கோயில்களும் ஜவ்வாது மலையும் இருக்கின்றன. கும்பிட வருகிறவர்கள் பெரும்பாலும் வேறு ஊரில் படுத்துக்கொண்டு இந்த ஊருக்கு வந்து போகிறார்கள்.

ஆகவே கேள்வி நான்கு ஊர்களில் போய் நிற்கிறது: வேலூர், ஆரணி, போளூர், திருவண்ணாமலை. சாலை நன்றாக இருந்தால் படவேட்டுக்கு வேலூரிலிருந்து ஒரு மணி நேரம். போளூர் அதைவிடப் பக்கம். ஆரணி ஏறக்குறைய முக்கால் மணி. திருவண்ணாமலையிலிருந்து ஒன்றரை மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். நேரத்தை மட்டும் பார்த்தால் போளூர்தான் ஜெயிக்கும். ஆனால் ஒரு குடும்பத்தின் பயணம் கடிகாரத்தை மட்டும் பார்த்து நடப்பதில்லை.

முதலில் படவேட்டில் ஒரு நாள் எப்படிப் போகிறது என்று பார்ப்போம். ரேணுகாம்பாள் கோயில்தான் முதல். ஜமதக்னி முனிவர் வேள்வி நடத்தியதாக நம்பப்படும் மண்ணிலிருந்து எடுக்கும் திருநீறு இங்கே பிரசாதம். பிறகு யோக ராமர். வில் இல்லாமல், யோக நிலையில் அமர்ந்து, சின்முத்திரை காட்டும் ராமர். எதிரே அனுமன் சுவடி வைத்துப் படிக்கிறார். இதை நின்று நிதானமாகப் பார்க்காமல் ஓடுகிறவர்கள்தான் அதிகம். மணலுக்குள் புதைந்து கிடந்த பல கோயில்கள் வெளியே வந்து திருப்பணி கண்டதில் டிவிஎஸ் நிறுவனத்தின் வேணு சீனிவாசனுக்குப் பெரிய பங்கு உண்டு. அம்மையப்பர் கோயிலைப் பார்த்துவிட்டு, கால் தெம்பு உள்ளவர்கள் கோட்டைமலை வேணுகோபால சுவாமியைப் பார்க்க மலையேறலாம். அந்தக் கோயில் எப்போது திறந்திருக்கும் என்று கீழேயே கேட்டுக்கொள்வது நல்லது. திரும்பும் வழியில் செண்பகத்தோப்பு அணை.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. சிறு கோயில்களில் உச்சிக்கு நடை சாத்தினால் மாலையில்தான் திறப்பார்கள். பத்து மணிக்குப் படவேடு வந்து சேர்கிறவர் அம்மன் கோயில் வரிசையில் நின்று வெளியே வருவதற்குள் மற்ற கோயில்களில் பூட்டு தொங்கும். அப்புறம் மூன்று மணி நேரம் வெயிலில் எங்கே உட்காருவது? வயதான அம்மாவும் கைக்குழந்தையும் கூட இருந்தால் அந்த மூன்று மணி நேரம்தான் பயணத்தின் நினைவாக மிஞ்சும். ஏழு மணிக்கு வந்துவிட்டால் பன்னிரண்டுக்குள் எல்லாம் முடிந்து வாழையிலைச் சாப்பாட்டுக்கு உட்காரலாம். ஏழு மணிக்கு வர வேண்டும் என்றால் ஐந்தரைக்கு லாட்ஜில் வெந்நீர் வர வேண்டும். அந்த ஒரு தகவலை லாட்ஜுக்கு முன்கூட்டியே போன் போட்டுக் கேட்கிறவர் பத்தில் ஒருவர் இருந்தால் ஆச்சரியம்.

போளூரில் தங்குவது இந்த அதிகாலைக்காரருக்குத்தான் சரி. பஸ் ஸ்டாண்டைச் சுற்றிச் சாதாரண லாட்ஜுகள். வசதியை எதிர்பார்த்துப் போகக் கூடாது. விடியலில் எழுந்து புறப்படுகிறவருக்கு நாலு சுவரும் தண்ணீரும் போதும். வேலூரிலிருந்து விழுப்புரம் போகும் ரயில் பாதையில் கண்ணமங்கலமும் போளூரும் இருக்கின்றன என்பதால் ரயிலில் வருகிறவருக்கும் தோதுதான். ஆனால் இந்தப் பாதையில் எல்லா வண்டியும் எல்லா நிறுத்தத்திலும் நிற்பதில்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

ஆரணி வேறு கணக்கு. பட்டுச்சேலை எடுக்க வரும் வியாபாரிகளுக்காகவே வளர்ந்த லாட்ஜுகள் அங்கே. மகளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிற குடும்பம் அம்மனுக்கு வேண்டுதலை முடித்துவிட்டு, நெசவாளர் வீட்டுத் திண்ணையிலேயே சேலை எடுத்துக்கொண்டு திரும்பலாம் என்று திட்டமிட்டால் ஆரணியை விட வேறு ஊர் வேண்டாம். சீரகச் சம்பாவில் போடும் ஆரணி பிரியாணி அதற்கு மேல் ஒரு காரணம். அம்மனைப் பார்த்துவிட்டு வந்த அன்று சாப்பிடலாமா என்பதை அந்தந்த வீட்டுப் பெரியவர்கள் முடிவு செய்துகொள்ளட்டும்.

வேலூரைப் பற்றி நிறையவே பேச வேண்டியிருக்கிறது. தங்கும் இடத்தைத் தேர்ந்தெடுப்பது எப்படி என்ற பாடத்தை இந்தப் பக்கத்தில் தெருத்தெருவாக எழுதி வைத்திருக்கும் ஊர் அதுதான்.

1900-இல் ஐடா ஸ்கடர் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கிய மருத்துவமனைதான் இன்றைய சிஎம்சி. அதன் வாசலிலிருந்து கிளம்பும் காந்தி ரோடு, பாபு ராவ் தெரு, பக்கத்துச் சந்துகள் எல்லாம் லாட்ஜ் மயம். ஹவுராவிலிருந்தும் குவாஹாட்டி பக்கத்திலிருந்தும் காட்பாடிக்கு நேரடி ரயில் இருப்பதால், நோயாளியும் கூட வருகிற இரண்டு பேரும் நேராக வந்து இறங்குகிறார்கள். பெயர்ப் பலகைகளில் தமிழுக்கு மேலே வங்காள எழுத்து. மளிகைக் கடையில் கடுகெண்ணெய் பாட்டில் வரிசை. மீன் கடையில் ரோகு. பல லாட்ஜுகளில் அறையோடு ஒட்டி ஒரு சமையல் மேடை; அடுப்பும் பாத்திரமும் நாள் வாடகைக்குக் கிடைக்கும். வேலூர்க்காரர் ஒருவர் சொந்த வேலையாக அந்தத் தெருவுக்குள் போனால் கொஞ்ச நேரம் தான் எந்த ஊரில் இருக்கிறோம் என்றே குழம்பிப் போவார்.

இந்த லாட்ஜுகளை நட்சத்திரக் கணக்கில் அளந்தால் பெரும்பாலானவை தேறாது. ஆனால் அங்கே தங்குகிறவருக்குத் தேவை வேறு. ரத்தப் பரிசோதனைக்கு வெறும் வயிற்றில் விடிகாலையில் நடந்து போக வேண்டும். மதியம் சீட்டு வாங்கிக்கொண்டு வந்து கொஞ்சம் படுக்க வேண்டும். மூன்று நாள் என்று வந்தவர் மூன்று வாரம் இருக்க நேரலாம். அவ்வளவு நாளும் ஓட்டல் சாப்பாடு கட்டுப்படியாகாது, நோயாளியின் வயிற்றுக்கும் ஒத்துக்கொள்ளாது. நடக்கும் தூரம், படுக்க ஓர் இடம், ஒரு அடுப்பு. இந்த மூன்றையும் தருகிற தெரு எது என்று ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பல ஆண்டுகளாகத் தேடித் தேடி அந்தச் சந்துகளை உருவாக்கிவிட்டன. எந்தத் திட்டக் குழுவும் உட்கார்ந்து வரைபடம் போட்டதில்லை.

அந்தத் தெருவும் சிலரை ஏமாற்றும். 2022-இல் சிஎம்சியின் ராணிப்பேட்டை வளாகம் நெடுஞ்சாலை ஓரத்தில் திறந்தது. ஊருக்குள் இருந்த சில பெரிய சிகிச்சைப் பிரிவுகள் அங்கே போய்விட்டன. மனநலமும் மறுவாழ்வு மருத்துவமும் பாகாயத்தில். கண் ஆஸ்பத்திரி ஆரணி ரோட்டில். சீட்டில் வளாகத்தின் பெயர் அச்சாகியே இருக்கும். அதைப் படிக்காமல் பழக்கத்தில் காந்தி ரோட்டில் ரூம் போட்டவர் தினமும் இருபது முப்பது கிலோமீட்டர் போய்வர வேண்டியிருக்கும். பத்து வருடம் முன்னால் மாமாவுக்குச் சரியாக இருந்த லாட்ஜ் இன்று மருமகனுக்குத் தப்பான லாட்ஜாக ஆவது இப்படித்தான்.

படவேட்டுக்கு வருகிற பக்தருக்கு இந்தத் தெருக்களில் வேலையே இல்லை. படத்தைப் பார்த்து, மலிவாக இருக்கிறது என்று அங்கே பிடித்துவிட்டால் வேன் உள்ளே நுழையாது, நுழைந்தால் திரும்பாது. அவருக்குச் சரியான இடம் திருவண்ணாமலை சாலைப் பக்கம் சுலபமாக வெளியேற வழியுள்ள பகுதி. ஸ்ரீபுரம் பொற்கோயிலையும் சேர்த்துப் பார்க்க நினைப்பவர் அந்தப் பக்கமே தங்கலாம். 2007-இல் அந்தக் கோயில் திறந்தபின் திருமலைக்கோடியைச் சுற்றித் தங்கும் விடுதிகள் முளைத்துவிட்டன. சென்னை–மைசூரு வந்தே பாரத்தில் காட்பாடியில் இறங்குகிறவருக்கு ஸ்டேஷன் பக்கத்திலேயே தங்கத் தோன்றும். அப்படித் தங்கினால் மறுநாள் காலை பாலாற்றுப் பாலத்தையும் நகரத்தின் முழு நெரிசலையும் தாண்டித்தான் படவேட்டுக்குப் போகும் கண்ணமங்கலம் சாலையைப் பிடிக்க வேண்டும். திரும்பும் ரயில் விடியற்காலை என்றால் மட்டும் கடைசி ராத்திரிக்குக் காட்பாடி நல்லது.

வாடகைக் கணக்கைப் பற்றிக் கொஞ்சம். இதில்தான் நம்மவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள். சில லாட்ஜுகளில் வந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் ஒரு நாள். வேறு சிலவற்றில் நண்பகல் 12 மணிக்கு நாள் முடியும். வெள்ளிக்கிழமை காலை 5 மணிக்குப் பஸ்ஸில் வந்திறங்கி, குளித்து, கோயிலுக்குப் போய், மாலை 7 மணிக்கு ஊருக்குக் கிளம்புகிற குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். 24 மணி நேர லாட்ஜில் ஒரு நாள் வாடகை. 12 மணி லாட்ஜில் 5 மணி முதல் 12 வரை ஒரு நாள், 12 முதல் 7 வரை இன்னொரு நாள். பலகையில் 1,200 ரூபாய் என்று எழுதியிருக்கும் அறை 2,400 ஆகும். 1,800 என்று எழுதியிருக்கும் 24 மணி நேர அறை 1,800-ஆகவே இருக்கும். எது மலிவு என்று பலகை சொல்லாது. வரியைப் பொறுத்தவரை 2025 செப்டம்பர் 22 முதல் நாள் வாடகை 7,500 ரூபாய் வரையுள்ள அறைக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்திருக்கிறது. பில்லில் இன்னும் பழைய வீதம் இருந்தால் கவுன்டரிலேயே கேட்டுவிடலாம்.

திருவண்ணாமலை ஒன்றரை மணி நேரத் தொலைவில் இருந்தாலும், படவேட்டையும் கிரிவலத்தையும் ஒரே பயணத்தில் முடிக்க நினைப்பவர்களுக்கு அதுவே வாகு. ஆனால் அந்த ஊர் நாளைப் பொறுத்து மாறும். சாதாரண செவ்வாய்க்கிழமை மாட வீதியில் கேட்ட விலைக்கு அறை கிடைக்கும். கோபுரத்தைப் பார்த்துக்கொண்டே நடந்து போகலாம். பௌர்ணமி இரவில் அதே மாட வீதியில் தங்கியிருப்பவர் காரை ஊருக்கு வெளியே விட்டுவிட்டு மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டு வர நேரும். கார்த்திகை தீபத்தன்று கேட்கவே வேண்டாம். அமைதி வேண்டும் என்று வருகிறவர்கள், வெளிநாட்டவர் உட்பட, செங்கம் சாலையில் ரமணாசிரமத்தைச் சுற்றியுள்ள பகுதியைத் தேடிப் போகிறார்கள். அங்கே தங்கினால் பெரிய கோயிலுக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும். கிரிவலப் பாதை மட்டும் வாசலிலேயே ஓடும். 14 கிலோமீட்டர் சுற்றி முடித்துக் கால் வலியோடு வருகிறவருக்கு அந்த வாசல் எவ்வளவு பெரிய விஷயம் என்பது நடந்தவருக்குத் தெரியும்.

அந்தக் காலத்தில் இந்தத் தொல்லையெல்லாம் பயணிக்கு இல்லை. எங்கே தங்குவது என்பதை அவருக்காக வேறொருவர் யோசித்துவைத்திருந்தார். தஞ்சை மராட்டிய அரசர் இரண்டாம் சரபோஜி ராமேஸ்வரம் போகும் வழியில் ஒரத்தநாட்டில் 1802-இல் முக்தாம்பாள் சத்திரத்தைக் கட்டினார். பகலெல்லாம் நடந்து வருகிறவர் பொழுது சாயும்போது எங்கே வந்து சேர்வார் என்பதைப் பார்த்துத்தான் இத்தகைய சத்திரங்களுக்கு இடம் பிடித்தார்கள். மதுரையில் மங்கம்மாள் சத்திரம் ரயில் வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கும் முன்பே இருந்தது. அதன் எதிரிலேதான் ஜங்ஷன் வந்து உட்கார்ந்தது. இன்றும் மதுரையில் இறங்குகிறவர்களில் பலர் ஜங்ஷனுக்கு எதிரிலேயே தங்கிவிடுகிறார்கள்.

காசிக்குப் போன நகரத்தார் செய்ததுதான் இன்னும் கெட்டிக்காரத்தனம். 1863-இல் அவர்கள் சத்திரம் வைத்த இடம் கோதோலியா. விசுவநாதர் கோயிலுக்கு நடக்கும் தூரம். ஒவ்வொரு நாளும் பூஜைக்கான பொருள்களை 'சம்போ' என்று முழங்கியபடி சத்திரத்திலிருந்து கோயிலுக்குத் தோளில் எடுத்துப்போகும் வழக்கம் அவர்களுடையது. அந்த வேலைக்கு ஊரின் மறுகோடியில் மாளிகை கட்டியிருந்தால் என்ன பயன்? இன்றும் காசிக்குப் போகும் தமிழர்களில் பலர் ஸ்டேஷனுக்கு அந்தப் பக்கம் கண்டோன்மென்ட் பகுதியில் பளபளவென்று இருக்கும் ஹோட்டலைப் பிடித்துவிட்டு, விடியற்காலை கங்கைக்குப் போகக் குளிரில் ஆட்டோ தேடுகிறார்கள். கங்கைக் கரைச் சந்துகளில் தங்கினால் கார் வாசல் வரை வராது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். இரண்டு கஷ்டத்தில் எதைப் பொறுத்துக்கொள்ள முடியும் என்பதுதான் தேர்வு. பாரதியார் காசியில் இருந்த அனுமன் காட் பகுதியில் இன்றும் தமிழ் பேசிச் சாப்பாடு வாங்கலாம் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆம்பூர், வாணியம்பாடியிலிருந்து ஹஜ்ஜுக்குப் போய்வந்தவர்களைக் கேட்டால் இதே கணக்கைத் துல்லியமாகச் சொல்வார்கள். இந்திய ஹஜ் கமிட்டி மக்காவில் தங்கும் இடத்தைப் பல ஆண்டுகள் இரண்டு வகையாகப் பிரித்து வைத்திருந்தது. ஹரம் பள்ளிவாசலுக்கு நடந்து போகும் தூரத்தில் இருப்பது 'கிரீன்', கட்டணம் அதிகம். சில கிலோமீட்டர் தள்ளி, பஸ்ஸில் போய்வர வேண்டியது 'அஜீஸியா'; கட்டணம் குறைவு. முழங்கால் வலிக்கிற அப்பாவையும் அம்மாவையும் அனுப்புகிறவர்கள் கடன் வாங்கியாவது கிரீன் கேட்பார்கள். இளைஞர்கள் அஜீஸியாவில் இருந்துகொண்டு மிச்சப் பணத்தில் வீட்டுக்குச் சாமான் வாங்கிவருவார்கள். அறையின் அழகைவிட நடக்கும் தூரத்துக்கு விலை வைத்த பட்டியல் அது.

சிங்கப்பூருக்கு முதல்முறை போகும் தமிழ்க் குடும்பம் பெரும்பாலும் சிராங்கூன் சாலைப் பக்கமே தங்கும். இட்லி கிடைக்கும், முஸ்தபா கடை பக்கம், ரயில் நிலையம் பக்கம். அறை சின்னதாக இருந்தாலும் பாதகமில்லை. சிலர் செயலியில் இன்னும் மலிவாக கேலாங்கில் ஓர் அறையைப் பார்த்துப் பிடிப்பார்கள். கேலாங்கில் சில சந்துகள் அனுமதி பெற்ற பாலியல் தொழில் விடுதிகளுக்குப் பேர்போனவை. அங்கேயும் நல்ல சாப்பாட்டுக் கடைகள், நல்ல மனிதர்கள் எல்லாம் உண்டு. ஆனால் இரவு பத்து மணிக்குப் பிள்ளைகளோடு நடந்து வரும்போது குடும்பத் தலைவர் பேச்சை மாற்றப் படும் பாட்டை அறையின் படம் காட்டியிருக்காது.

செயலிகளைப் பற்றிக் குறை சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. அவற்றால் உபகாரமும் உண்டு. முன்பெல்லாம் ராத்திரி பதினொரு மணிக்கு லாட்ஜ் லாட்ஜாக ஏறி இறங்கியவர்களுக்குத் தெரியும். ஆனால் 'கோயிலிலிருந்து 2 கி.மீ.' என்று அது காட்டுவது சில சமயம் பறவை பறக்கும் தூரம். நடுவில் ஆறோ ரயில் பாதையோ இருந்தால் அது 5 கிலோமீட்டராக நீளும். விமர்சனங்களைப் படிக்கும்போது நட்சத்திரத்தை விட்டுவிட்டு, மூன்று நட்சத்திரம் கொடுத்தவர்கள் எழுதியதைப் படிப்பது பயன் தரும். ஐந்து கொடுத்தவர் புகழ்வார், ஒன்று கொடுத்தவர் சபிப்பார், மூன்று கொடுத்தவர்தான் "ரூம் சுத்தம், ஆனா பக்கத்துல கல்யாண மண்டபம்" என்று எழுதுவார். ஆடி மாதத்தில் ஒலிபெருக்கி எங்கே கட்டியிருக்கிறார்கள் என்பது அறையின் ஏசியைவிட முக்கியம்.

தனியாக வரும் பெண்கள் கேட்க வேண்டியது வேறு. ராத்திரி ரிசப்ஷனில் ஆள் இருப்பாரா, வாசல் தெருவில் விளக்கு எரிகிறதா, அறைக்கு உள்பக்கத் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா. வேன் பிடித்து வரும் குடும்பம் ஒன்றை மறக்கவே மறக்கும்: டிரைவர் எங்கே படுப்பார்? ராத்திரி முழுக்க சீட்டில் மடங்கிக் கிடந்தவர்தான் காலையில் உங்கள் எல்லோரையும் மலைப் பாதையில் ஏற்றிப் போகப் போகிறார். டிரைவருக்குப் படுக்கையும் குளியலறையும் தரும் லாட்ஜ் இருக்கிறது. இருநூறு ரூபாய் கூடக் கொடுத்தாலும் அங்கேதான் போக வேண்டும்.

மலை என்றதும் ஜமுனாமரத்தூர் நினைவுக்கு வரும். படவேட்டில் நின்றால் ஜவ்வாது மலை கண் முன்னே நிற்கும். கையை நீட்டினால் தொட்டுவிடலாம் போலிருக்கும். ஆனால் காரில் மேலே போக வழக்கமான பாதை போளூர் வந்து ஏறுவதுதான். படவேட்டைப் பார்த்துவிட்டு மாலையில் மலையேறி ஜமுனாமரத்தூரில் தங்கலாம் என்று திட்டமிடுகிறவர்கள் இருட்டுக்கு முன் மேலே சேர்ந்துவிட வேண்டும். அங்கே அறைகள் குறைவு. கோடை விழா நாட்களில் சுத்தமாகக் கிடைக்காது. சாமைச் சோறும் மலைத் தேனும் குளிர்ந்த ராத்திரியும் கிடைக்கும். மறுநாள் பீமன் அருவியும் கோலப்பன் ஏரிப் படகும். அதற்கும் மேலாக, ஆலங்காயம் பக்கம் இறங்கும் வழியில் காவலூர் வானாய்வகம். 1986-இல் ராஜீவ் காந்தி தொடங்கிவைத்த 2.34 மீட்டர் வைனு பாப்பு தொலைநோக்கி அங்கே இருக்கிறது. நகர வெளிச்சம் எட்டாத இருட்டைத் தேடித்தான் வானியலாளர்கள் இந்த மலைக்கு வந்தார்கள். சனிக்கிழமை மாலையில் வானம் தெளிவாக இருந்தால் பொதுமக்களுக்கும் காட்டுவது வழக்கம். புறப்படுமுன் விசாரித்துக்கொள்ள வேண்டும். காவலூருக்காக வருகிறவருக்கு முதல் வேலை காலையில் இல்லை, ராத்திரியில். அவர் வேலூரில் தங்கினால் நட்சத்திரத்தைப் பார்த்துவிட்டு நடுராத்திரியில் மலை இறங்க வேண்டும்.

ஆடி வெள்ளிக்கு வேண்டுதலோடு வருகிறவர்களுக்கு இந்த ஊர்க் கணக்கு எதுவும் பொருந்தாது. வேப்பிலை ஆடை கட்டி வருகிறவர், மொட்டை போடுகிறவர், பொங்கல் வைக்கிறவர் முந்தின நாளே வந்து கமண்டல நாகநதிக் கரையிலும் மண்டபங்களிலும் தோப்பு நிழலிலும் படுத்துவிடுகிறார்கள். அவர்களுக்கு லாட்ஜ் தேவையில்லை; தேவையானது கழிப்பறை, குளிக்கத் தண்ணீர், பெண்கள் உடை மாற்ற ஓர் அறை. ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைப் பக்கம் 2014-இல் யாத்ரி நிவாஸ் வந்தபின் பெரிய கூட்டத்துக்குப் பொது மண்டபப் படுக்கையிலிருந்து தனி அறை வரை ஒரே வளாகத்தில் கிடைக்கிறது. அதுபோல் ஒன்று இங்கே வர வேண்டும் என்பதைவிட, முதலில் இருபது நல்ல கழிப்பறைகள் வருவது அவசரம்.

மற்றவர்களுக்கு ஒரு வழி இந்த ஊர்க்காரர் கையிலேயே இருக்கிறது. வீட்டோடு சேர்ந்த அறைகளை விருந்தினருக்கு விடும் திட்டம் ஒன்றை மத்திய சுற்றுலாத் துறை நடத்துகிறது. உரிமையாளர் அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். ஒன்று முதல் ஆறு அறை வரை பதிவு செய்யலாம். வாழைத் தோப்புக்குள் மாடி வீடு கட்டி, பிள்ளைகள் பெங்களூருக்குப் போனபின் மேல்மாடியைப் பூட்டி வைத்திருக்கும் வீடுகள் இந்த ஊரில் உண்டு. இரண்டு அறை திறந்தால் போதும். அதிகாலை அபிஷேகம் பார்க்க வேண்டியவருக்குப் போளூரும் வேண்டாம், ஆரணியும் வேண்டாம்.

அதற்குச் செலவு பெரிதில்லை. மேல்நாட்டுக் கழிப்பறை ஒன்று, கெய்சர் ஒன்று, கொசுவலை, கரண்ட் போனால் ஒரு ஃபேன் ஓட இன்வெர்ட்டர். வெளிநாட்டவர் வந்தால் 24 மணி நேரத்துக்குள் 'சி' படிவத்தை ஆன்லைனில் நிரப்பப் பழகிக்கொள்ள வேண்டும். இதற்குப் பயந்துதான் பல சின்ன லாட்ஜுகள் அவர்களைத் திருப்பி அனுப்புகின்றன. பஸ் நேரமும் கோயில் நடை திறக்கும் நேரமும் எழுதிய அட்டை ஒன்று கதவின் பின்புறம் தொங்கலாம். வாடகையையும் அதிலேயே எழுதிவிட வேண்டும். ஆடி வெள்ளிக்கு ஒரு தொகை, ஐப்பசி மழை நாளுக்கு ஒரு தொகை என்று இருந்தாலும் தப்பில்லை, வருகிறவர் போனில் கேட்கும்போதே இரண்டையும் சொல்லிவிட்டால் சரி.